ஜியு ஜிட்சு மேட்டில் இறங்குவதற்கு முன்: ஒழுங்கும் பாதுகாப்பும் பற்றிய முழுமையான வழிகாட்டி

பிரேசிலியன் ஜியு ஜிட்சுவில் குத்து இல்லை, உதை இல்லை. அதனால் அடிபடாது என்று நம்பிச் சேருபவர்கள் நிறையப் பேர். உண்மையில், புதிதாகச் சேர்ந்தவர் சில வாரங்களிலேயே முழு எதிர்ப்போடு இன்னொருவருடன் கட்டிப் புரளும் கலை இது. கை மூட்டை எதிர்த்திசையில் மடக்குகிறோம், கழுத்தை நெரிக்கிறோம், முழங்காலைத் திருகுகிறோம். இவ்வளவும் செய்துவிட்டு மறுநாள் காலையில் எல்லாரும் வேலைக்குப் போகிறோம். காரணம் ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் ‘போதும்’ என்று கையால் தட்டினால் விட்டுவிடுவோம். அந்த நம்பிக்கையில்தான் ஒருவர் தன் கழுத்தை அடுத்தவர் கைக்குள் விடுகிறார். நகம் வெட்டுவதிலிருந்து மேட் எனும் பயிற்சி மெத்தையைத் துடைப்பது வரை கீழே சொல்லும் எல்லா விதிகளும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன.

முதல் படி: சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல ஜிம்மில் மறுக்கமாட்டார்கள். பார்க்க வேண்டியது, இருவர் முழு எதிர்ப்போடு மோதிப் பழகும் ஸ்பாரிங் நேரம். யாராவது தட்டினால் பிடி அந்தக் கணமே தளர்கிறதா? கோச் மேட்டைச் சுற்றி வந்து பார்க்கிறாரா, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? முதல் வாரத்துப் பையனை யாருடன் சேர்த்துவிடுகிறார்? மேட்டுகளுக்கு இடையே விரல் போகும் அளவு இடைவெளி இருக்கிறதா? சுவருக்கும் தூணுக்கும் மெத்தை போட்டிருக்கிறார்களா? வகுப்பில் பெண்கள் இருக்கிறார்களா, பல மாதங்களாகத் தொடர்ந்து வருகிறார்களா? கடைசிக் கேள்விக்கான பதில் அந்த ஜிம்மைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

பெல்ட் வரிசை ஒயிட், ப்ளூ, பர்ப்பிள், பிரவுன், பிளாக். கோச் பிளாக் பெல்ட்டாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் ப்ளூ, பர்ப்பிள் பெல்ட் வாங்கியவர்கள் நடத்தும் நல்ல ஜிம்கள் பல உண்டு. ஆனால் யாரிடம் பெல்ட் வாங்கினார் என்று கேட்டால் நேரடியான பதில் வர வேண்டும். சர்வதேச சம்மேளனமான ஐபிஜேஜேஎஃப்பின் விதிப்படி, பெரியவர்கள் பொதுவாக ப்ளூவில் குறைந்தது 2 ஆண்டு, பர்ப்பிளில் ஒன்றரை ஆண்டு, பிரவுனில் 1 ஆண்டு இருக்க வேண்டும். நடைமுறையில் பிளாக் பெல்ட் வரை போகப் பெரும்பாலானவர்களுக்குப் பத்தாண்டு பிடிக்கும். ஒரே வருடத்தில் பெல்ட் தருவதாகச் சொல்லும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்துக் கடமையும் ஒன்று உண்டு. ஆஸ்துமா, வலிப்பு, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கழுத்துத் தேய்மானம், பழைய மூட்டு விலகல், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை என எது இருந்தாலும் கோச்சிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது. இன்ஹேலர் வைத்திருப்பவர் அதைப் பைக்குள் புதைக்காமல் மேட்டோரத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

கை நகம், கால் நகம் இரண்டையும் ஒட்ட வெட்டுங்கள். நீண்ட நகம் அடுத்தவர் கண் இமையைக் கிழிக்கும், அந்தக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகும்.

தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வராதீர்கள். இது நம் ஊருக்கே உரிய சிக்கல். வியர்வையோடு தேங்காய் எண்ணெய் மேட்டில் இறங்கினால் நின்று எறியும் பயிற்சியில் கால் வழுக்கும். அதில் முழங்கால் திரும்பிக்கொள்ளும். காலையில் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் மாலை வகுப்புக்கு முன் தலைக்குக் குளித்துவிடுங்கள். நீண்ட முடியை உலோகக் கிளிப் இல்லாமல், துணி ரப்பர் பேண்டால் இறுக்கிப் பின்னிக்கொள்ள வேண்டும். விபூதி, சந்தனம், குங்குமத்தை முகம் கழுவும்போதே துடைத்துவிடுங்கள். அவை வியர்வையோடு கரைந்து எதிரில் இருப்பவரின் கண்ணில் இறங்கும்.

அடுத்து நகை, கயிறு. மோதிரம், மெட்டி, கொலுசு, மூக்குத்தி, தோடு, கையில் கட்டிய கயிறு, இடுப்பில் தாயத்தோடு இருக்கும் அரைஞாண் எல்லாம் கழற்றி வைக்க வேண்டியவை. மோதிரமும் மெட்டியும் கி எனும் தடித்த பயிற்சி உடையின் துணியில் மாட்டி இழுபட்டால் விரலின் தோலையே உரித்துவிடும். அரைஞாண் கயிற்றில் எதிராளியின் விரல் மாட்டினால் முறிவது அவர் விரல். தாலிச் சரடு பற்றிக் கேட்கத் தயங்குகிறார்கள், சொல்லவும் தயங்குகிறார்கள். வெளிப்படையாகவே சொல்கிறேன்: கழுத்தில் கயிறோ சங்கிலியோ இருந்தால் நெரிக்கும் பிடிகள் உங்களுக்கு ஆபத்து, உலோகம் எதிராளியின் முகத்துக்கு ஆபத்து. பல பெண்கள் ஒரு சிறு பையில் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். கழற்ற மனம் ஒப்பவில்லை என்றால் கோச்சிடம் சொல்லி நுட்பங்களை மட்டும் மெதுவாகப் பழகலாம், ஸ்பாரிங்கில் இறங்க வேண்டாம். கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். மணிமாலை அறுந்து மேட்டில் சிதறினால் எல்லார் காலும் அதன்மேல்தான். விரதம் முடியும்வரை உடற்பயிற்சியும் தனியாகச் செய்யும் அசைவுகளும் போதும்.

உடை: கி வகுப்பென்றால் துவைத்த கி. நோ-கி, அதாவது கி போடாத வகுப்பென்றால், உடம்போடு ஒட்டிய ரேஷ்கார்டு பனியனும், பையோ ஜிப்போ இல்லாத ஷார்ட்ஸும். பையுள்ள ஷார்ட்ஸில் விரல் மாட்டி முறியும். பல் காப்புக்கு மவுத்கார்டு வாங்குங்கள். ஆண்கள் உள்ளே இறுக்கமான கம்ப்ரஷன் ஷார்ட்ஸ் போடுவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். வயிற்றின் மேல் ஒருவர் முழங்காலை வைத்து அழுத்தப் போகிறார்.

மூன்றாம் படி: மேட்டில் நுழையும்போது

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஜிம்மில் அந்தப் பழக்கமே சிக்கலாகிறது. வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஆபீஸ் அறை, தண்ணீர்க் குழாய், கழிவறை எல்லாம் சுற்றிவிட்டு அதே காலோடு மேட்டில் ஏறுகிறோம். சில நிமிடத்தில் அந்த மேட்டில்தான் ஒருவர் கன்னம் தேயப் போகிறது. ஆகவே மேட்டின் விளிம்புவரை செருப்பு, மேட்டில் வெறுங்கால். நடுவில் கழிவறைக்குப் போனால் மீண்டும் செருப்பு. ஜிம் உரிமையாளர்கள் மேட்டோரத்தில் நாலு ஜோடி ரப்பர் செருப்பு போட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் தலை தாழ்த்துவது ஜப்பானிய ஜூடோவிலிருந்து வந்த வழக்கம். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882ல் கோடோகான் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் மரபில் வந்த மிட்சுயோ மேடா பிரேசிலுக்குப் போய்க் கற்றுத்தந்ததிலிருந்து வளர்ந்ததுதான் இந்தக் கலை. சில ஜிம்களில் தலை தாழ்த்துவார்கள், சில இடங்களில் மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், சில இடங்களில் எதுவும் இல்லை. அந்த இடத்தில் எது வழக்கமோ அதைச் செய்யுங்கள். தாமதமாக வந்தால் ஓரத்தில் நின்று கோச் கையசைத்த பிறகு சேர்ந்துகொள்ளுங்கள், தனியாக உடம்பைச் சூடேற்றிய பிறகே பயிற்சியில் இறங்குங்கள்.

கோச்சுக்கு 22 வயது, உங்களுக்கு 45 என்றால்? வெளியே அவர் உங்களுக்குத் தம்பிதான். வகுப்பு நேரத்தில் அவர் ‘கோச்’ அல்லது ‘மாஸ்டர்’. பெரும்பாலும் அவரே “அண்ணா, அந்தக் கையை உள்ளே வைங்க” என்று மரியாதையோடுதான் சொல்வார். அவர் “நிறுத்துங்க” என்றால் வயதெல்லாம் பார்க்காமல் அந்த நொடியே நிறுத்துங்கள்.

கால் படுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் மேல் கால் பட்டால் தொட்டுக் கும்பிடும் நமக்கு, ஒருவரின் இடுப்பில், தோளில், சில சமயம் முகத்துக்கு அருகில் கால் வைத்துத் தள்ளுவது முதலில் கூசும். வயதில் பெரியவர் எதிரில் இருந்தால் இன்னும் அதிகம். அந்தத் தயக்கத்தில் காலைப் பாதி வழியில் நிறுத்துபவர்கள்தான் கணுக்காலைத் திருகிக்கொள்கிறார்கள். தொடங்கும் முன் இருவரும் கையைத் தட்டி முஷ்டி மோதிக்கொள்கிறோமே, அதிலேயே இருவரும் அனுமதி கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ‘சாரி’ தேவையில்லை.

நான்காம் படி: விழக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு நுட்பம்

முதல் வாரம் எதில் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று கேட்டால், விழுவதில். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, பின்தலை தரையில் படாமல், உடம்பிலிருந்து சுமார் 45 டிகிரி விலக்கிய கையால் மேட்டை அறைந்து விழ வேண்டும். கையை நீட்டி ஊன்றி விழுவதைத் தடுக்கப் பார்ப்பது இயல்பான உந்துதல்தான். முழங்கை விலகுவதும் மணிக்கட்டு முறிவதும் அப்போதுதான். யாராவது உங்களைச் சரியாக எறிந்துவிட்டால் போராடாமல் விழுந்துவிடுங்கள்.

நுட்பம் பழகும்போது எதிரில் இருப்பவர் பொம்மையும் அல்ல, எதிரியும் அல்ல. கோச் காட்டியதை மட்டும் செய்யுங்கள். நேற்றிரவு வீடியோவில் பார்த்ததைச் சோதிக்க இது நேரமல்ல. சேர்ந்து மூன்று மாதமே ஆனவர் இன்றைக்கு வந்தவருக்குப் பாடம் எடுப்பதும் வேண்டாம். தவறான பிடி பழகிவிட்டால் திருத்துவது கடினம்.

ஐந்தாம் படி: டேப்

இந்தக் கலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

டேப் என்றால் ‘ஒப்புக்கொள்கிறேன், விடு’ என்று தட்டுவது. எதிராளியின் உடம்பில், அவர் உணரும்படி, இரண்டு மூன்று முறை அழுத்தித் தட்டுங்கள். கை மாட்டிக்கொண்டால் காலால் மேட்டைத் தட்டலாம். அதுவும் முடியாவிட்டால் வாயால் “டேப்” என்று உரக்கச் சொல்லுங்கள். “ஆ!” என்று கத்தினாலும் அது டேப்தான். போட்டியிலேயே அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். மேட்டை மட்டும் லேசாகத் தட்டினால் சத்தத்தில் கேட்காமல் போகலாம்.

எப்போது தட்டுவது? ‘வலித்தால்’ என்ற கணக்கு இரண்டு இடங்களில் பொய்த்துவிடும். ஒன்று, கழுத்து நெரிப்பு. சரியாகப் போட்ட சோக் மூச்சுக்குழலை அழுத்தாது, கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளை அழுத்தும். பெரிய வலி இருக்காது. சுமார் 10 நொடியில், சிலருக்கு அதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். காதில் இரைச்சலோ கண் ஓரத்தில் இருட்டோ தெரிந்தால் ஏற்கெனவே தாமதம். இரண்டு, ஹீல் ஹூக். குதிகாலைப் பிடித்துத் திருகினால் பாதிக்கப்படுவது முழங்கால். வலி தெரியும் நேரத்தில் மூட்டைப் பிணைக்கும் லிகமென்ட் கிழியத் தொடங்கியிருக்கும். அதனால்தான் ஐபிஜேஜேஎஃப் நெடுங்காலம் அதைத் தடை செய்து வைத்திருந்தது. 2021ல் அனுமதித்தபோதும் நோ-கியில், பெரியவர்களில் பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு மட்டும்தான். ஒயிட் பெல்ட் இருவர் தங்களுக்குள் ஹீல் ஹூக் போட்டுப் பழகினால் கோச் உடனே தடுக்க வேண்டும்.

பிடி இறுகிவிட்டது, வெளியே வரும் வழி தெரியவில்லை என்றால் அதுவே தட்டும் நேரம். ஒரு வகுப்பில் பத்து முறை தட்டினாலும் கேவலம் ஒன்றுமில்லை.

1951ல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசஹிகோ கிமுரா, பிரேசிலியன் ஜியு ஜிட்சுவை வளர்த்தவர்களில் ஒருவரான எலியோ கிரேசியின் கையைத் திருகிப் பூட்டினார். கை முறிந்தும் எலியோ தட்டவில்லை. ஓரத்தில் இருந்த அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பிடிக்கு இன்றும் கிமுரா என்றே பெயர். இந்தக் கதையை வீரத்துக்கு உதாரணமாகச் சொல்லி வளர்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் அப்படி இருந்தால் ஆறு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

தட்ட வைப்பவரின் பொறுப்பு இதைவிடப் பெரியது. மூட்டுப் பூட்டுகளை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிடியை உறுதி செய்து, தட்டுவதற்கு நேரம் கொடுத்து, மெல்ல அழுத்தம் கூட்ட வேண்டும். புதியவருக்குத் தான் ஆபத்தில் இருப்பதே தெரியாது. அவர் தட்டாவிட்டாலும், கை நேராகிவிட்டது என்று தெரிந்தால் நீங்களே விட்டுவிடுங்கள். தட்டினாரா இல்லையா என்ற சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுங்கள். தட்டிய பிறகும் அரை நொடி பிடித்து வைக்கும் பழக்கம் உள்ளவருடன் நான் ஸ்பாரிங் செய்யமாட்டேன். நீங்களும் செய்யாதீர்கள்.

ஆறாம் படி: ஸ்பாரிங்

யாரும் யாரையும் மறுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. “இந்த ரவுண்டு உட்கார்றேன்” என்றால் போதும். பெண்கள் மட்டுமல்ல, 55 கிலோ பையன் 95 கிலோ ஆளை மறுப்பதும் இயல்பு. சேர்ந்தே பழகுவதென்றால் எடை கூடியவர்தான் தன் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நெஞ்சின் மேல் அப்படியே விழுவது விலா எலும்புக்கு ஆபத்து.

பயிற்சியில் சில விஷயங்கள் அடியோடு கூடாது: எதிராளியைத் தூக்கித் தரையில் அறைவது, ஒற்றை விரலைப் பிடித்து மடக்குவது, முதுகெலும்பைத் திருகிக் கழுத்தை முறிப்பது போன்ற பிடிகள், நிற்பவரின் பக்கவாட்டிலிருந்து தாவி, ஒரு காலை அவருக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் போட்டுக் கத்தரிபோல் வெட்டி வீழ்த்தும் கனி பசாமி. 1980ல் அகில ஜப்பான் போட்டியில் ஜூடோ வீரர் யசுஹிரோ யமாஷிதாவின் காலை முறித்தது இந்தக் கனி பசாமிதான். இன்று ஜூடோ போட்டியிலும் ஐபிஜேஜேஎஃப் போட்டியிலும் அதற்குத் தடை. நிற்பவர் இடுப்பில் தாவி ஏறும் வழக்கத்தையும் ஒயிட் பெல்ட்டுகள் விட்டுவிட வேண்டும். தாங்குபவரின் முழங்கால் அப்படியே உள்ளே மடங்கும்.

இன்னொரு ஜோடியோடு மோதும் நிலை வந்தால் இரு ஜோடியும் நிறுத்தி, பெல்ட் குறைந்த ஜோடி நகர வேண்டும். ஆனால் ஒரு ஜோடி சோக்கின் நடுவில் இருந்தால், பெல்ட் பார்க்காமல் மற்ற ஜோடி நகரட்டும். உட்கார்ந்திருப்பவர்கள் காலை நீட்டாமல் சுவரோரம் இருங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரையின் கீழ் பயிற்சி என்றால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் இடையில் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பும் வேண்டும். நேரம் அதிகமானால் ஓஆர்எஸ் நல்லது. குழறிப் பேசுபவர், தள்ளாடுபவர், குழப்பத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசி, 108ஐ அழையுங்கள்.

ஏழாம் படி: அடிபட்டால்

நெரிப்பில் ஒருவர் நினைவிழந்தால் உடனே பிடியை விட்டு மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். பெரும்பாலும் சில நொடிகளில் விழிப்பார். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். கன்னத்தில் அறைவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். அரை நிமிடத்தில் விழிக்காவிட்டால் 108. மூச்சு இல்லையென்றால் காத்திருக்காமல் சிபிஆர் எனும் நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும். விழித்தாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. பேச்சிலோ பார்வையிலோ கை காலிலோ கோளாறு தெரிந்தாலோ, அடுத்த நாட்களில் கழுத்து வலி தலைவலியோடு தொடர்ந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். அழுத்தப்பட்ட தமனியில் கிழிசல் ஏற்பட்டிருக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் ஏற்பட்டால் அது பக்கவாதத்தில் முடியலாம்.

தலையில் அடிபட்டு, தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, ‘இப்போ என்ன ரவுண்டு?’ என்ற குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அதே நாளில் திரும்ப மேட்டில் ஏறக் கூடாது. மருத்துவர் சொன்ன பிறகு நடை, லேசான ஓட்டம், தனிப் பயிற்சி, தொடர்பில்லாத நுட்பம் என்று படிப்படியாக வர வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள்.

காது வீங்கி மெத்தென்று இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. ஓரிரு நாளில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் ரத்தத்தை எடுத்துக் கட்டுப் போடுவார். விட்டுவிட்டால் அப்படியே இறுகிக் காதின் வடிவமே மாறிவிடும். ஜிம்மில் நண்பர் சிரிஞ்சி எடுத்து வந்து குத்துவதை அனுமதிக்காதீர்கள்.

எட்டாம் படி: வகுப்பு முடிந்ததும் தோல்

நெருங்கிப் புரளும் கலைகளில் மூட்டு வலிக்கு அடுத்தபடி மக்களை வீட்டில் உட்கார வைப்பது தோல் நோய்கள். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் படர்தாமரை எளிதில் பரவும். விளிம்பு சிவந்து தடித்து, நடு சற்றுத் தெளிந்து, வட்டமாக அரிக்கும். இதில் நாம் செய்யும் பெரிய கெடுதல், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஒரு ட்யூப் வாங்கித் தடவுவது. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும். பூஞ்சை அடங்காது, இன்னும் பரவும். வழக்கமான மருந்துக்கே கட்டுப்படாத பூஞ்சை வகை ஒன்று இந்தியாவில் பெருகி, அதற்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து ‘டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே’ என்று பெயரிடும் அளவுக்குப் போயிருக்கிறது. தோல் மருத்துவரைப் பாருங்கள், அவர் சொன்ன வாரங்கள் முழுக்க மருந்தைப் போடுங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை மேட்டில் ஏறாதீர்கள். மேலே பேண்டேஜ் ஒட்டிக்கொண்டு வருவது தீர்வல்ல. கோச்சிடம் சொல்லுங்கள். கோச்சும் அதை மேட்டில் வைத்து உரக்கக் கேட்காமல் தனியாகப் பேச வேண்டும். அவமானத்துக்குப் பயந்துதான் பலரும் மறைக்கிறார்கள்.

கொத்தாக வரும் சிறு நீர்க்கொப்புளங்கள், மஞ்சள் பொருக்கு, சுற்றிலும் சூடாகச் சிவந்த கட்டி இவையும் தொற்றும். கட்டியோடு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் வியர்வையோடு டீக்கடையில் நின்று பேசுவது இனிமையான வழக்கம். குளித்துவிட்டு அந்த டீயைக் குடியுங்கள். கியை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும், பெல்ட்டையும் சேர்த்துத்தான். வண்டிப் பெட்டிக்குள் ராத்திரி முழுக்க ஈரமாகக் கிடக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த கி இரண்டு நாளானாலும் காயாது. இரண்டாவது கி வாங்குங்கள், இல்லையென்றால் அந்த வாரம் நோ-கி வகுப்புக்குப் போங்கள். மேட்டைத் தினமும் முதலில் தூசு போகப் பெருக்கி, பிறகு கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் நிமிடங்கள்வரை மேட் ஈரமாக இருந்தால்தான் கிருமி சாகும். துடைத்த கையோடு மின்விசிறியைப் போட்டு உலர்த்திவிட்டால் பயனில்லை. ரத்தம் சிந்தினால் அந்த ஜோடி நிற்க வேண்டும், காயத்தை மூட வேண்டும், மேட்டைத் துடைத்த பிறகே மற்றவர்கள் அங்கே வரலாம்.

ஒன்பதாம் படி: எல்லை மீறப்பட்டால்

நெருங்கிப் பழகும் கலையில் கை தவறிப் படுவது நடக்கும். ஒரு சிறு மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தால் போதும். திரும்பத் திரும்ப நடந்தாலோ, பிடி முடிந்த பிறகும் கை விலகாமல் இருந்தாலோ, வகுப்புக்கு வெளியே தொல்லை தரும் செய்திகள் வந்தாலோ அது தவறி நடந்ததல்ல. ரவுண்டின் நடுவிலேயே நிறுத்தி எழுந்துவிடலாம். 2013ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டுப் பயிற்சி நிலையங்களையும் பணியிடமாகவே கருதுகிறது. ஜிம்மில் புகாரை விசாரிக்கும் குழு இல்லையென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். தவறு செய்தவர் கோச்சாகவே இருந்தாலும் இது பொருந்தும். பெல்ட் கிடைக்காமல் போகும் என்ற பயத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குழந்தைகள் வகுப்பில் பெற்றோர் உட்கார்ந்து பார்க்க எப்போதும் இடம் இருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி தரும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். பெரியவர்கள் பிள்ளைகளோடு தனியாக உடை மாற்றும் அறையில் இருக்கக் கூடாது. உடல் எடை குறைக்கச் சொல்லிப் பிள்ளையைப் பட்டினி போடுவதும், தண்டனையாகப் பெரிய பையன்களோடு மோதவிடுவதும் பயிற்சி ஆகாது. பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால், பிள்ளைகளைக் காக்கும் 2012ம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி காவல் துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். ஜிம்முக்குள் பேசி முடித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளையே நேரடியாகப் பேசுவதற்கும் உதவி எண் இருக்கிறது, 1098. அதை ஜிம் சுவரில் பிள்ளைகளின் கண் படும் உயரத்தில் எழுதி வையுங்கள்.